வலப்பக்கம் பறந்த வாத்து

மாய்மு உய்போ கதை எழுதுவது
அடுப்படி மேசையில்,
ரொட்டிக்கடை ரசீதுகளின் பின்பக்கம்.
"வாத்து நிமிர்கிறது" என்று ஒரு வரி.
அந்த வரிக்கு எங்களுக்கு, தாலினில்,
மூன்று நாள்.
கழுத்துக் கம்பியை மயிரிழை நகர்த்து,
கையை எடு, க்ளிக்.
ஒரு நொடிப் படத்துக்கு
இருபத்து நாலு தடவை மூச்சடக்கம்.
நான் இமைகளுக்குப் பொறுப்பு.

எழுபத்தாறில் மாஸ்கோவிலிருந்து ஒருவர் வந்தார்.
தொப்பியைக் கழற்றாமல் படம் பார்த்தார்.
"வாத்து ஏன் இடப்பக்கம் பறக்கிறது?
வரைபடத்தில் அது மேற்கு."
நாங்கள் தரையைப் பார்த்தோம்.
"வலப்பக்கம் பறக்கட்டும்" என்றாள் மாய்மு,
அவ்வளவு பணிவாக,
எனக்கு வயிற்றைக் கலக்கியது.

திரும்ப எடுத்தால் நான்கு மாதம்.
அவள் சுருளையே புரட்டிப் போட்டு அச்செடுத்தாள்.
வாத்து சமர்த்தாகக் கிழக்கே போனது.
கூடவே தெரு, மணிக்கூண்டு,
ரொட்டிக்கடைப் பலகை எல்லாம்
கண்ணாடிக்குள் போய்விட்டன.

முதல் காட்சியில் ஒரு குழந்தை
பலகையை எழுத்துக்கூட்டித் தோற்றது.
"அம்மா, எல்லாம் திருப்பி இருக்கு."
யாரோ இருமினார்கள்.
பிறகு சிரிப்பு, பின்வரிசையிலிருந்து,
ரொட்டி வேகும் வாசனை மாதிரி, அவசரமில்லாமல்.

நாடு விடுதலையானது. ஸ்டூடியோவில் காசில்லை.
தயிர் விளம்பரத்துக்கு ஒரு பசுவை
ஆறு வருஷம் நடக்கவைத்தாள்.
காப்பகத்து இளைஞன் ஒருவன் கேட்டான்:
"இப்போது படத்தை நேராக்கிவிடலாமே?"
"வேண்டாம்" என்றாள், கரண்டியை நக்கியபடி.
"யார் சொல்லித் திரும்பியது என்று
பலகை சொல்லிக்கொண்டிருக்கட்டும்."

வாத்து என் இழுப்பறையில் கிடக்கிறது,
கழுத்துக் கம்பி முறிந்து.
ஓர் இமை மட்டும் இன்னும் அசைகிறது.
தூக்கம் வராத இரவுகளில்
மயிரிழை நகர்த்திப் பார்ப்பேன்.