நூறு மைக்ரோகிராம்

கடையாலுமூட்டில் இடவப்பாதி பிடித்துவிட்டால்
ரப்பர் மரத்தில் கத்தி வைக்க மாட்டார்கள்.
பால் அளக்கிற எனக்கும் வேலை இல்லை.
ரோலர் ஷெட்டின் பின்னால்
மூடி போன நீல டிரம் ஒன்று
கூரைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு நின்றது.
விளிம்பில் வெள்ளை நுரை.
ஒட்டுபாலை யாரோ இழுவிவிட்டார்கள் என்று
சுரண்டப் போனேன்.
உள்ளே முட்டை.

நுரை இளகி
துளித்துளியாய் விழுந்தன தலைப்பிரட்டைகள்.
"தவக்களைக்குப் பேறுகாலம் பாக்குதியா?"
என்றாள் லீலாபாய்.

காலை ஐந்தரைக்கு வெறும் வயிற்றில்
எனக்கு ஒரு தைராக்ஸின் மாத்திரை.
ஆசாரிப்பள்ளத்தில் கழுத்தைத் திறந்து
கட்டியோடு சுரப்பியையும் எடுத்த பிறகு
நூறு மைக்ரோகிராம் தயவில் நடமாட்டம்.
ஒரு மணிக்கூர் காப்பி கூடாது.
அந்த ஒரு மணிக்கூரும் டிரம்மருகே.

அவற்றுக்கும் இதே மருந்துதான்.
கடுகிலும் சிறிய சுரப்பியில்
தாங்களே காய்ச்சிக்கொள்கின்றன, சீட்டில்லாமல்.
சுரந்தது அப்படியே வேலைக்கு ஆகாது.
நாலு அயோடினில் ஒன்றை
நொதி வந்து கழற்ற வேண்டும்.
மூன்றானால்தான் பூட்டில் சாவி திரும்பும்.

காலுக்கு ஒரு கடிதம். வாலுக்கும் அதே கடிதம்,
அதே எழுத்து, அதே கையொப்பம்.
கால் அதை வாசித்து வளர்கிறது.
வால் அதை வாசித்து
தன்னைக் கட்டிய கொலாஜன் கயிறுகளை
ஒவ்வொன்றாய் அறுத்துக்கொள்கிறது.

பாசி தின்று நீண்ட குடல்
கடிகாரத்துச் சுருள்கம்பி போல் வயிற்றோடு தெரியும்.
அது கால்வாசியாய்ச் சுருங்கி
பழைய உட்தோலை உதிர்த்து,
இத்தனை நாள் ஒதுங்கிக் கிடந்த சில செல்களிலிருந்து
பூச்சி செரிக்கிற குடலாகிறது.
அந்த நாட்களில் வாய்க்கு வேலை இல்லை.
சாப்பாடு, கரைகிற வால்.

முன்கைக்கு வாசலே கிடையாது.
நொதிகள் தோலைத் தின்று துளை போட
முழங்கைதான் முதலில் வெளியே வரும்,
குலசேகரம் பஸ்ஸின் நெரிசலில்
இறங்கப் பார்க்கிறவனைப் போல.

ஆடி பாதியில் டிரம் காலி.
ஒன்று மட்டும் மிச்சம்.
பெரிய தலை, கொழுத்த வால்,
கால் வேண்டிய இடத்தில் இரண்டு மொட்டு.
சுரப்பி இல்லாத தலைப்பிரட்டை தவளையாகாது,
பெருத்துக்கொண்டே போகும் என்று
மார்த்தாண்டத்தில் பி.எஸ்சி. பரீட்சையில் எழுதியிருக்கிறேன்.
ஐந்து மார்க்.

அதைச் சிரட்டையில் கோரி எடுத்தேன்.
மாத்திரையை ஒடித்தேன். பாதியைப் பொடித்துத் தூவினேன்.
மெட்ரோலாக்கை மிதக்கவிட்டு
பாலில் எத்தனை ரப்பர், எத்தனை வெள்ளம் என்று
வெட்டுக்காரர்களோடு மல்லுக்கட்டுகிறவள் நான்.
அன்று அளக்கவில்லை.

நாலாம் நாள் முகம் ஒடுங்கிற்று.
செவுள் போயிற்று. வால் ஓரங்களில் கரைந்தது.
மொட்டு, நூல் அளவுக்குத்தான் நீண்டிருந்தது.
ஆறாம் நாள்
நீந்த வால் இல்லை, தாவக் கால் இல்லை.
மல்லாந்து கிடந்தது.
கடிதம் சரியாகத்தான் போய்ச் சேர்ந்திருந்தது.
வாசிக்கக் கால் இன்னும் பிறந்திருக்கவில்லை.

வாழைமூட்டில் குழி தோண்டி
தண்ணீரோடு சரித்துவிட்டு
சிரட்டையை ஷெட் திண்டில் வைத்தேன்.
மறுநாள் ஐந்தரைக்கு
அட்டையில் மிஞ்சிய பாதியை விழுங்கினேன்.
போதாது என்று தெரியும்.
இன்னொன்றைப் பிரிக்கவில்லை.

அன்று மழை விட்டிருந்தது. கத்தி வைத்தார்கள்.
ஒரு மரத்துக்குச் சிரட்டை குறைகிறதென்று
லீலாபாய் திண்டிலிருந்ததை எடுத்துப் போயிருக்கிறாள்.
பத்து மணிக்கு அதன் பாலையும்
வாளியில் சேர்த்துக் கொண்டுவந்தாள்.

கை நடுங்காமல் அளந்தேன்.
முப்பத்தி நாலு சதவீதம்.
"இவ்வளவுதானா?" என்றாள்.
"இன்னொருக்கா பாரு."
இன்னொரு முறை பார்த்தேன்.