அறையின் முப்பது விநாடி

பன்னிரண்டு நிமிடப் படம், ஒன்பது மணி நேர வேலை.
புதாபெஸ்ட், எட்டாவது வட்டாரம்,
நான்காம் மாடி, லிஃப்ட் பழுது.
வீட்டுக்காரரிடம்
மெத்தை விளம்பரம் என்று சொல்லியிருந்தான் லோரான்ட்.
முழுப் பொய்யென்றும் சொல்ல முடியாது.

முதலில் தாள்கள்.
அடையாள அட்டை, ரத்தப் பரிசோதனை முடிவு,
சம்மதம் என்ற சொல் பதினோரு முறை வரும் படிவம்.
ஷரோல்தா கண்ணாடி போட்டுக்கொண்டு
வரி வரியாக வாசித்தாள்.
ஏழாம் பத்தியில் ஒன்றை அடித்து
ஓரத்தில் சுருக்கொப்பம் இட்டாள்.
பிறகுதான் கண்ணாடியைக் கழற்றினாள்.
அன்று அவள் கழற்றியவற்றில்
இன்றும் நினைவிருப்பது அது ஒன்றுதான்.

நான் ஒலிக்காரன்.
முதல் காரியம், ஃப்ரிட்ஜை அணைத்து
அதற்குள் என் கார் சாவியை வைப்பது.
இல்லாவிட்டால் திரும்பப் போட மறந்துபோகும்,
அடுத்தவர் பால் திரிந்துபோகும்.
இரண்டாவது, சுவரோரம் டிக் டிக்கென்னும்
வெந்நீர்க் குழாயை மூடுவது.
ஜனவரி மாதம்.
என் காதுக்காக
இரண்டு பேர் தோலெல்லாம் புல்லரித்துக் கிடந்தார்கள்.
பிரோஷ்கா பவுடரும் அங்கியுமாக
ஓடிக்கொண்டே இருந்தாள்.

ஆறு நிமிடத்துக்கு ஒரு டிராம்.
"நிறுத்து" என்பேன்.
போட்டது போட்டபடி நின்றுவிடுவார்கள்,
கேட் மூடிய தண்டவாளத்தில்
இரண்டு சைக்கிள்கள் காத்திருப்பது போல.
அந்த இடைவெளியில் பெனெதெக்
குளியலறை டைல்ஸ் பற்றிப் பேசுவான்.
வாரநாட்களில் அவனுக்கு அதுதான் பிழைப்பு.
"எந்தப் பாவி ஒட்டினானோ,
மூலைக்கு மூலை அரை விரல் கோணல்."
டிராம் போய்விடும்.
மறுபடியும் காதல்.

நடுப்பகலில், சரியாக எங்கே வரக்கூடாதோ அங்கே,
மேல்வீட்டில் தொடங்கியது
ஞாயிற்றுக்கிழமை இறைச்சியைத் தட்டும் சுத்தியல்.
தொம். தொம். தொம்.
ஒரு கணம் இருவரும் தாளம் தப்பாமல் போனார்கள்.
அப்புறம் ஷரோல்தா சிரித்தாள்.
வாயை மூடப் பார்த்து முடியாமல்,
மூக்கால் சிரித்து, இருமி,
தலையணையைக் கடித்துச் சிரித்தாள்.
பெனெதெக் கட்டிலிலிருந்து உருண்டே விழுந்தான்.
நாற்பது விநாடி.
ஊசிமுள் சிவப்பைத் தொட்டுத் தொட்டு மீண்டது.
"வெட்டு, வெட்டு" என்றான் லோரான்ட்.
நான் நிறுத்தவில்லை.

கடைசியாக, எல்லாரும் கிளம்பும் அவசரத்தில்,
வெறும் அறையைப் பதிவு செய்ய வேண்டும்.
முப்பது விநாடி ஒருவரும் அசையக் கூடாது.
அங்கியோடு இருவர், ஒற்றைச் செருப்போடு பிரோஷ்கா,
கையில் ரசீதோடு லோரான்ட்,
உயர்த்திய கம்போடு நான்.
யாருக்காக நிற்கிறோம் என்று தெரியாத
ஒரு மௌன அஞ்சலி.
அதில் பிரோஷ்காவின் வயிறு இரைந்தது.

மூன்று வாரம் கழித்து, வியாழன் இரவு இரண்டு மணிக்கு
ரோட்டர்டாமிலிருந்து வெளியிட்டார்கள்.
நாங்கள் வைத்த பெயர் 'ஜனவரி'.
அவர்கள் வைத்ததில் எட்டுச் சொற்கள்,
ஒன்றை மட்டும் அம்மா முன்னால் சொல்லலாம்.
பன்னிரண்டு நிமிடம் ஒன்பதாகியிருந்தது.
முதல் மணி நேரத்தில் நாற்பதாயிரம் பேர்,
பாதிக்கு மேல் சத்தத்தை அணைத்துவிட்டு.

நான் ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்டேன்.
ஷரோல்தாவின் தொண்டை அதில் இல்லை.
எங்கோ ஒரு கிடங்கிலிருந்து எடுத்து
யாரோ ஒருத்தியின் முனகலை ஒட்டியிருந்தார்கள்,
மூலைக்கு மூலை அரை விரல் கோணலாக.
ஆனால் அடியில், இரண்டு முனகலுக்கு நடுவே
ஓட்டை தெரியாமல் பூசியிருந்தது
எங்கள் அறை.
ஐந்து பேர் அடக்கிய மூச்சு,
அந்த வயிறு.

அன்றிரவே ஷரோல்தாவுக்கு எழுதினேன்:
உன் சிரிப்பு நாற்பது விநாடி என்னிடம் இருக்கிறது.
அழிக்க மனமில்லை, வைத்துக்கொள்ளட்டுமா?

காலையில் பதில் வந்தது:
"படிவம் அனுப்பு.
வாசித்துவிட்டுச் சொல்கிறேன்."

நான்கு நாளாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.
முதல் பத்தியே தாண்டவில்லை.