அக்கரை நாணயம்

தீயணைப்பு வண்டிகள் இரண்டையும்
பனியில் வெளியே நிறுத்திவிட்டு
உள்ளே மேசை போட்டோம்.
அண்டாவில் பீன்ஸ்,
ஒரு பக்கம் மட்டுமே வேகும் மஞ்சள் ப்ளோய் அடைகள்.
தட்டுக்குப் பன்னிரண்டு டாலர்.
வாசலில் ஊறுகாய் ஜாடி,
அதில் ஒட்டிய படத்தில் ரொசேர் தீபோடோ சிரிக்கிறான்.
கணையம் இன்னும் வாய் திறக்காத
வருடத்துச் சிரிப்பு.

மூன்றாம் மேசையில் சத்தம்.
"அடுத்தவன் நோய்க்கு என் வரியா?"
மேசையை அறைகிறார் க்ளோவிஸ் சீர்.
(ஜாடியில் நூறு டாலர் போட்டவர் அவர்.
மொய் எழுதியவன் நான்.)
"ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாரும்,"
என்கிறாள் நோயெல்லா.
கனடாவின் மருத்துவமனை விளக்குகள்
மடவாஸ்காவின் ஜன்னலில் தெரியும்.
"பார்த்தேன். இடுப்பெலும்பு மாற்ற
என் மச்சினன் அங்கே பதினான்கு மாதமாகக் காத்திருக்கிறான்."
"வீட்டை விற்காமல்தானே காத்திருக்கிறான்?"
யாரோ உப்பு கேட்டார்கள்.

ரொசேர் வரவில்லை.
கூச்சம் என்றாள் மனைவி.
அவள் கைப்பையில் நான்காய் மடிந்த காப்பீட்டுக் கடிதம்:
சிகிச்சை அவசியமானதே,
ஆனால் செய்தவர் எங்கள் பட்டியலில் இல்லை.
இருபத்திரண்டு வருடப் பிரீமியத்துக்கு
ஒன்றரை வாக்கியம்.

ஒன்பதரைக்கு நாற்காலிகளை மடக்கி
எண்ண உட்கார்ந்தேன்.
நாலாயிரத்து நூற்றுப் பதினேழு.
பில் எண்பத்து நாலாயிரம்.
இன்னும் இருபது விருந்து வைக்கலாம்.
அதற்குள் ஜாடிக்கு
வேறொரு படம் வந்துவிடும்.

சில்லறை எண்ணும் இயந்திரம்
ஒரு காசை மட்டும் துப்பியது.
திரும்பப் போட்டேன்,
திரும்பத் துப்பியது.
ஒரு பக்கம் நீர்ப்பறவை நீந்துகிறது.
பாலம் தாண்டி வந்த காசு,
யார் போட்டதோ.
நோட்டில் 'செல்லாது' என்று எழுதி
அடித்தேன்.
பிறகு என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

அப்போதுதான் க்ளோவிஸின் இடுப்பில் பேஜர் அலறியது.
புகைபோக்கியில் தீ.
பாதி துடைத்த அண்டாவை அப்படியே விட்டு
பூட்ஸுக்குள் கால் நுழைத்தார்.
எந்தச் சாலை என்று கேட்டார்.
யார் வீடு என்று கேட்கவில்லை.

வண்டி போன தடத்தில்
மறுபடி பனி விழுந்தது.
காசைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு
விளக்கை அணைத்தேன்.