நாலு சக்கரத்துக்கு முப்பது

ஏலம் எடுத்தவர் ஆம்பூரில் இருக்கிறார்.
நான் இங்கே, வேலூர் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவில்,
இடுப்பில் தோல்பை, கையில் டோக்கன் கட்டு.
இரு சக்கரத்துக்குப் பத்து.
நாலு சக்கரத்துக்கு முப்பது, பன்னிரண்டு மணி நேரம்.

"என் வண்டிக்கும் நாலு சக்கரந்தானே,
முப்பது தர்றேன், கிழிச்சிக் குடு"
என்றாள் பச்சையம்மா, வெள்ளைக்கோடு விழுந்த மறுநாள்.
சிரித்தேன்.
டோக்கனில் வண்டி எண் எழுத ஒரு கட்டம் இருக்கிறது.
இலவம்பாடி முள்ளுக்கத்திரிக்கு
எந்த ஆர்.டி.ஓ. எண் கொடுப்பார்?

கோடு போட்டவர்கள் ராத்திரியில் வந்து போனார்கள்.
விடிந்தால் தெரு முழுக்கப் பெட்டி பெட்டியாக,
பாண்டி ஆடக் கிழித்த மாதிரி.
மீன்கார நஜீர் பாய் சாக்கடை மேல் பலகைக்குப் போனார்.
சீப்பு, ஜக்கு, எக்ஸ்ரே கவர் விற்ற தாமோதரன்
எல்லாவற்றையும் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கினான்.
பச்சையம்மா மட்டும்
கார் வந்தால் நகர்வாள், கார் போனால் திரும்புவாள்.
அலை மாதிரி என்று எழுதலாம்.
பாலாற்றில் மணலே இல்லை, அலைக்கு எங்கே போவது.

அந்தக் கார் ஜார்கண்ட் எண். தன்பாத் என்றார் ஓட்டி வந்தவர்.
பின் சீட்டில் ஒரு தலையணை, பூப்போட்ட உறை.
மூன்று நாள் அசையவில்லை.
காலையும் மாலையும் இறங்கி வந்து
முப்பது முப்பதாகக் கொடுத்துவிட்டு
திரும்ப மேலே போனார்.
பச்சையம்மா முதல் நாள் தமிழில் திட்டினாள்.
இரண்டாம் நாள் இந்தியும் வங்காளமும் கலந்து.
லாட்ஜில் சமைத்துச் சாப்பிடுகிறவர்களிடம்
பட்டோல், கும்டோ, கிலோ சாலிஸ் என்று ஆரம்பித்தது
வசவு வரைக்கும் வந்திருந்தது.
மூன்றாம் நாள் பானெட்டில் சாக்கு விரித்துக்
கத்திரிக்காயைக் கொட்டினாள்.
மே மாதம். பாதி வெந்துவிட்டது.

நாலாம் நாள் மணி ஏழு ஐந்துக்கு வந்தார்.
பின் சீட்டுத் தலையணையை எடுத்து டிக்கியில் வைத்தார்.
பானெட்டைப் பார்த்தார்.
ஒவ்வொரு கத்திரிக்காயாக எடுத்துக் கூடையில் போட்டார்,
காம்பு முள் குத்தக் குத்த.
இரண்டு நாளாகச் சேர்த்து வைத்திருந்தது எதுவும்
பச்சையம்மாவுக்கு வாயில் வரவில்லை.
எனக்கு வழக்கமானது வந்தது.
பழைய டோக்கன் முடிஞ்சிருச்சு சார், முப்பது.
கொடுத்தார்.
அஞ்சு நிமிஷத்தில் கார் போய்விட்டது.
டோக்கன் தரையில் கிடந்தது.

கார் நின்ற நீள்சதுரம் மட்டும்
தூசி இல்லாமல் கருப்பாக இருந்தது.
வண்டியை அதற்குள் தள்ளினாள்,
நாலு மூலையும் கோட்டுக்குள் வரும்படி, இரண்டு தரம் பின்னுக்கு எடுத்து.
சக்கரத்துக்குக் கல் கொடுத்தாள்.
டோக்கனை எடுத்துத் தராசுக்குப் பக்கத்தில் வைத்து
மேலே அரைக்கிலோ கல்.

பத்தரைக்கு மாநகராட்சி லாரி.
இறங்கியவர் டோக்கனைப் படித்தார்.
ஜே.எச். பத்து, பிறகு என் கிறுக்கல்.
"வண்டி எங்கே?"
"இதாங்க."
"இது ஜார்கண்டா?"
"அதெல்லாம் தெரியாது. பணம் கட்டியிருக்குது, அவரைக் கேளுங்க."
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
நஜீர் பாய் செதில் சுரண்டுவதை நிறுத்தினார்.

என் கையில் அடிக்கட்டை இருந்தது.
நாலு சக்கரம், முப்பது, மாலை ஏழு ஐந்து வரை.
ஆம்பூருக்கு ராத்திரி கணக்குச் சொல்லவேண்டும்.
கட்டியிருக்கு சார், என்றேன்.
அவர் இன்னொரு கேள்வி கேட்க வாயைத் திறந்தார்.
லாரி பாதித் தெருவை அடைத்துக்கொண்டிருந்தது,
பின்னால் ஆம்புலன்ஸ் ஒன்று அலற ஆரம்பித்தது.
லாரியை நிறுத்த இடம் இல்லை. போனார்கள்.

மாலை ஆறு ஐம்பதுக்கு
ஒரு வெள்ளை இன்னோவா இண்டிகேட்டர் போட்டு
வண்டிக்குப் பின்னால் வந்து நின்றது.
மணி என்ன, என்றாள் பச்சையம்மா,
திரும்பிப் பார்க்காமல், ஒரு கிலோ எடை போட்டுக்கொண்டே.
இன்னும் பதினைந்து நிமிஷம் இருக்கு, என்றேன்.