நாற்பத்தேழாம் ஈடு

ஒரு கை முடிந்துவிட்டது.
மறு கை முழங்கையோடு நிற்கிறது
ஊசியில் தொங்கியபடி,
நூல் தீர்ந்துபோய்.

மேமியோவில் தை மாதம் விடியலில்
குழாயைத் திறந்தால் தண்ணீர் யோசித்துவிட்டுத்தான் வரும்.
காப்பிக் களத்தில் சாக்கு விரித்து
இராக்காவல் இருக்கிறார் என் வீட்டுக்காரர்.
அவருக்கு ஒன்றரைக் கை ஸ்வெட்டர்
எதற்கு ஆகும்?

யின் மே கடையில் பாசிப்பச்சை இருந்தது,
அடுக்கில் பத்துக் கண்டு.
அவளே ஒன்றை வாசலுக்கு எடுத்துப்போய்
வெயிலில் பிடித்துக் காட்டினாள்:
"நல்லாப் பார். இது வேற ஈடு."

இட்லிக்குப் போலச் சாயத்துக்கும் ஈடு உண்டு.
ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஒரே விலை;
அண்டா மாறிவிட்டால்
இரட்டைப் பிள்ளை ஆகாது,
அக்காள் தங்கைதான்.

விற்றிருக்கலாம் அவள். விற்கவில்லை.
கணக்கு நோட்டைப் புரட்டினாள்,
சீன எழுத்துக்கு நடுவே பர்மிய எண்கள்.
நாற்பத்தேழாம் ஈடு, வந்தது பதினாறு கண்டு.
ஏழு எனக்கு.
ஐந்து, பால்காரத் தில்மாயாவுக்கு.
மூன்று, ஆஸ்பத்திரி நர்ஸ் நாங் கம்முக்கு.
ஒன்று...
விரலை அங்கேயே வைத்துக்கொண்டு
என் முகத்தைப் பார்த்தாள்.
அவளுக்கும் தெரியும்,
இந்த ஊரில் நான் எந்தத் தெருவில் நடப்பதில்லை என்று.

தில்மாயாவின் ஐந்தும் மலேசியாவில் இருக்கின்றன,
மகன் உடம்பில்.
அங்கே குளிரே கிடையாதே என்றேன்.
மீன் கிடங்கில் வேலையாம்,
நாள் முழுக்க ஐஸாம்.
வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல்
கன்றுக்குட்டி கழுத்து மணியை அவிழ்த்து
அதைக் கட்டியிருந்த நூலை உருவித் தந்தாள்.
இரண்டு முழம். சாண வாசம்.

நாங் கம் இரவு வேலை முடித்துத்
தூங்கப் போகிற நேரம்.
"போயிருச்சே" என்று கையை விரித்தாள்.
வார்டில் பிறந்த பச்சைக் குழந்தைகளுக்குப்
பச்சைத் தொப்பி, ஒன்பது.
யார் யார் வீட்டுக்கோ போய்விட்டன
அந்தத் தலைகள்.

மிச்சம் இருந்தது குழந்தைத்தெரஸ் வீடு.
ஒரு சீட்டுப் பணம்,
எடுத்தவள் யார், கட்டாதவள் யார் என்று
பதினோரு வருஷம்.

கேட்டைத் திறந்தாள். வா என்று சொல்லவில்லை.
பையிலிருந்து எட்டிப் பார்த்த பாதிக் கையை இழுத்துப்
புரட்டிப் பார்த்தாள்.
"இங்க ஒரு கண்ணி விட்டிருக்கே."

அதுதான் முதல் பேச்சு.

உள்ளே போய் எடுத்து வந்தாள்
குதிகால்வரை பின்னிய ஒற்றைக் காலுறை.
என் கண்ணெதிரே ஊசியை உருவினாள்.
அவள் பிரிக்கப் பிரிக்க
நான் சுற்றிக்கொண்டிருந்தேன்.
அவள் படியில், நான் கேட்டருகே.
நடுவில் பாசிப்பச்சையாய் ஒரு கோடு,
பின்னிய நினைப்பில் இன்னும் சுருண்டு சுருண்டு.
பக்கத்து வீட்டு நாய் குறுக்கே வந்தது.
இருவரும் ஒரே நேரத்தில்
கையைத் தூக்கினோம்.

சீட்டைப் பற்றி அவள் கேட்கவில்லை,
நானும் எடுக்கவில்லை.
கண்டுக்கு விலை கேட்டேன்.
வாங்கின விலையைச் சொல்லவில்லை,
இந்த வருஷ விலையைச் சொன்னாள்.
கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து தேடினால்
விட்ட கண்ணி நிஜமாகவே இருந்தது
ஒன்பது வரிசைக்குக் கீழே.
விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துப் பிரித்தேன்,
அவள் சொல்லிவிட்டாளே என்ற எரிச்சலோடு.

ஞாயிற்றுக்கிழமை மணிக்கூண்டு அருகே
லைன் காருக்கு நின்றோம்.
இரண்டு கையும் உள்ள ஸ்வெட்டரில் அவர்.
இடது கையில் இலேசாகச் சாண வாசம்.
முன்னால் நின்ற பெண்ணின் தோளிலிருந்து
ஒரு குழந்தை அவரையே பார்த்தது,
தலையில் பச்சைத் தொப்பி.
"யார் பிள்ளை, தெரியுமா?" என்றார்.

தெரியாது.
நம்ம ஈடு.