சேவுகமூர்த்தி பாட்டில் எனக்குப் பிடிக்காதவை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்,
'பித்தளைச் சாவி' நல்ல பாட்டே இல்லை.
ஊரெல்லாம் அதைத்தான் பாடுகிறது,
காரைக்குடி பேருந்து நிலையத்தில்
செல்போன் உறை விற்கிற பையன்கூட.
சாவி வந்தால் பாவி வரும், பின்னால் ஆவி வரும்,
எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்.
வந்தது.
அந்தக் காசில்தான் வீடு கட்டினாராம்.
கட்டட்டும்.

நான் புதுவயலில் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறவள்.
பதினோரு வருடமாக ஒரு காதில் மில்,
ஒரு காதில் சேவுகமூர்த்தி.
இதில் எதும்மா இரைச்சல் என்றார் முதலாளி.
இரண்டும்தான் என்றேன்.

முதல் ஆல்பத்தைக் கோட்டையூரில்
சைக்கிள் கடை மாடியில் பதிந்தார்கள் என்று கேள்வி.
நாலாவது பாட்டில் கிட்டாரின் ஒரு கம்பி
சற்று இறங்கியே இருக்கும்.
கூர்ந்து கேட்டால், கீழே யாரோ
டியூபுக்குக் காற்றடிக்கிறார்கள்.
அந்தக் காற்றுக்காகவே நான் அதைக் கேட்பது.
சென்னைக்குப் போய் மறுபடி பதிந்தபோது
எல்லாவற்றையும் துடைத்துவிட்டார்கள்.
பாலிஷ் கூடிப்போன அரிசி மாதிரி
பார்க்க வெள்ளை,
தின்றால் ஒன்றுமில்லை.

காதல் பாட்டுகளில் அவர் பொய் சொல்கிறார்.
மழையில் நனைந்தபடி நிற்கிறாளாம் ஒருத்தி.
இந்தச் சீமையில் மழை வந்தால் எவள் நிற்பாள்?
ஓட்டுத் தண்ணீருக்கு அண்டா வைக்க ஓடுவோம்.

கடன் பாட்டுகளில் பொய் சொல்லத் தெரியாது அவருக்கு.
'மூன்றாம் நோட்டீஸ்' கேட்டிருக்கிறீர்களா?
பேங்க் கடிதம்தான், அப்படியே, வரி பிரித்து.
"தங்கள் மேலான கவனத்திற்கு" என்று
நாலு தடவை கத்துவார்.
நாலாவதில் குரல் உடையும்.
எங்கள் வீட்டுக்கும் ஒன்று வந்த மாதம்
நான் வேறு எதுவும் கேட்கவில்லை.

பாய்லர் இராயப்பனுக்கு வரிகளே வேண்டாம்.
டிரம்ஸ்தான் பாட்டு,
மற்றதெல்லாம் புலம்பல் என்பான்.
எங்கள் எலிவேட்டர் வாளி ஏழாவதில் ஒரு தட்டுத் தட்டும்.
'உமி' பாட்டும் ஏழு தட்டு.
கண்டுபிடித்தவன் அவன்தான், ஒத்துக்கொள்கிறேன்.
ஆனாலும்
"எரிஞ்ச பொறகும் எனக்கு உருவம் இருக்கு"
என்ற ஒரு வரி இல்லாவிட்டால்
அதற்கும் எலிவேட்டருக்கும் என்ன வித்தியாசம்?

போன தையில் கானாடுகாத்தானில் ஒரு கல்யாணம்.
வாடகைக்கு எடுத்த பெரிய வீடு,
மாப்பிள்ளை கோயம்புத்தூர், அரிசி எங்களுடையது.
பில்லோடு நானே போனேன்.
வளவில் வயர்கள், ஸ்பீக்கர், நடுவில்
கறுப்புச் சட்டையும் ரப்பர் செருப்புமாக அவர்.

'பித்தளைச் சாவி'யை மூன்று முறை கேட்டார்கள்.
மூன்று முறையும் பாடினார்.
மூன்றாவதைப் பாதி வேகத்தில்.
'ஆவி' வருகிற இடத்தில் வாயை மூடிக்கொண்டார்.
கூட்டம் கத்தி நிரப்பியது.
அவர் ஒரு கம்பியைச்
சற்றே இறக்கிக்கொண்டிருந்தார்.

பிறகு சமையல்கட்டுப் பக்கம் வந்தார்.
பதினோரு வருடக் கருத்து முழுக்க என் வாயில்.
"வெந்நீர் இருக்கா?" என்றார்.
டம்ளரைக் கழுவி மொண்டு கொடுத்தேன்,
அது என் வேலை இல்லை.
"சோறு நல்லா இருந்துச்சு" என்றார்.
எங்கள் அரிசி என்று சொல்லியிருக்கலாம்.
அந்த நோட்டீஸ் பாட்டு, என்றாவது
ஆரம்பித்திருக்கலாம்.
பில்லில் கையெழுத்து வாங்க
ஆளைத் தேடிப் போய்விட்டேன்.

இப்போதும் சொல்கிறேன், அது நல்ல பாட்டே இல்லை.
மூன்றாவது முறை பாடியதை மட்டும்
யாராவது பதிந்தார்களா என்று
பார்க்கிறவர்களிடமெல்லாம் விசாரிக்கிறேன்.
டிரம்ஸ் எப்படி என்கிறான் இராயப்பன்.
டிரம்மர் வரவில்லை என்றேன்.
அப்ப அது பாட்டே இல்ல என்று
அடுப்புக்கு உமி தள்ளப் போனான்.