வரைபடம் இல்லாத பிரதி

மறுகாவும் வந்து நிற்கிறாய் நளாயினி,
கண்ணாடித் துளைக்குள் வாயை வைத்து:
“ஒரு மாத லீவு கா. என்னத்த வாசிக்க?
ஊர் சுத்தின ஆக்கள் எழுதினதாய்ச் சொல்லு.”
உனக்குப் பின்னால் பொலன்னறுவைக்கு மூன்று பேர்,
மாகோவுக்கு ஒரு குடும்பம், கைக்குழந்தை, இரண்டு பலாப்பழம்.
சில்லறை எண்ணிக்கொண்டே சொல்கிறேன், கேள்.

தண்டவாளம் முடிகிற ஊரில்
இருபத்தொரு வருஷமாய் டிக்கெட் கொடுக்கிறவன் நான்.
எனக்கப்பால் ஒரு முட்டுக்கட்டை, கொஞ்சம் எருக்கலை,
அதற்கப்பால் வாவி.

முதலில் அந்த வயிற்றுக்கோளாறுக்காரனை எடு.
பாலைவனம் முழுக்க அவனுக்குக் கழிச்சல்.
ஒட்டகத்தைவிட
ஒதுங்க இடம் தேடியதைத்தான் நிறைய எழுதினான்.
பொய் சொல்ல நேரமில்லாத மனுஷன்.

மூன்று சட்டையோடு மலை ஏறினவளையும் எடு.
எந்த வீட்டுக்குள் போனாலும்
அடுப்பைத்தான் முதலில் பார்ப்பாள்:
என்ன விறகு, யார் ஊதுகிறார்கள்,
புகை எந்தப் பக்கம் போகிறது.
கோயில்களைக் கடைசிப் பத்தியில் வைத்தாள்;
சில ஊர்களில் மறந்தும் போனாள்.

வழி தவறாதவனை எடுக்காதே.
அவனுக்கு எல்லா ரயிலும் நேரத்துக்கு வந்திருக்கிறது.
எனக்குத் தெரியாதா.

மட்டக்களப்பை எழுதினவனும் ஒருவன் உண்டு.
ஒன்றரை வரி.
வெக்கை, நுளம்பு, மீன் பாடவில்லை.
பாலத்துக்கு மேலே நின்று கேட்டிருப்பான்.
துடுப்பைத் தண்ணீரில் விட்டு
மறு நுனியில் காதை வைக்கவேண்டுமென்று
யாரும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.
(எனக்கே இரண்டு தரம்தான் கேட்டது.
அதில் ஒன்று சந்தேகம்.)

கடைசியாக ஆற்றுக்காரன்.
இரவல் தரமாட்டேன், பெயரை மட்டும் தருகிறேன்.
டச்பார் எஸ்மி மெல்பேர்னுக்குப் போகையில்
விட்டுப்போன பெட்டியில் கிடந்தது.
தொண்ணூற்றாறில், கறுத்தப்பாலத்தடியில்,
பையைக் கொட்டச் சொன்னார்கள்.
துவாய், சவர்க்காரம், மருந்துத் துண்டு, ஆற்றுக்காரன்.
விரிந்த பக்கத்தில் வரைபடம்.
“மேக்க மொக்கத?”
ஆறு என்றேன்.
சிங்களத்தில் ஆற்றுக்குச் சொல் இருக்கிறது;
அந்த வெயிலில் வரவில்லை.
என்னைவிட இளையவன், மீசை சரியாய் முளைக்கவில்லை.
கிழித்தான்.
முரட்டுத்தனமாய் இல்லை, தையலோரமாய்,
வீட்டுப்பாடத் தாளைக் கிழிக்கிற பிள்ளை மாதிரி.
நாலாய் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான்.
புத்தகத்தைத் திருப்பித் தந்தான்.

ஏழு தரம் வாசித்துவிட்டேன்.
ஆறு எங்கே கிறுகுகிறதென்று தெரியாமல்
பின்னட்டையில் நானே கிறுக்கினேன்.
படகு உடைந்த இடத்தைக் கிரானில் வைத்தேன்.
உப்பு வாங்க இறங்கிய சந்தை ஏறாவூர்.
காய்ச்சல் கண்ட துறை மண்டூர்.
அந்தக் காய்ச்சலோடு அவன் திரும்பிவிட்டான்;
ஆறு முடிகிற இடம் புத்தகத்திலேயே இல்லை.
நான் முகத்துவாரத்தில் முடித்துவைத்தேன்.

போன மாதம் நூலகத்தில்
இன்னொரு பிரதி, கிழியாதது.
வரைபடம் உள்ளங்கையளவு.
ஆறு கடலுக்கே போகவில்லை கா,
ஒரு உப்புப் பள்ளத்தில் வற்றிப்போகிறது.

முதலில் சிரிப்பு வந்தது.
மறுகா அந்தப் பொடியனின் ஞாபகம்.
மேலிடத்தில் காட்டியிருப்பான்.
மேசையில் விரித்து, சிவப்புப் பென்சிலால் சுற்றி,
குடும்பிமலைக் காட்டில்
எத்தனை நாள் தேடினார்களோ அந்த ஆற்றை,
காலணி நனையாமல்.

சரி, ஆக்கள் முணுமுணுக்கிறார்கள்.
காலிக்கு ஒன்றுதானே?
பெயர்களைச் சீட்டின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.
சின்னச் சீட்டு; ஆற்றுக்காரன் பெயர் பாதியில் நிற்கிறது.
இறங்கினதும் வாங்கிக்கொள்வார்கள்.
வெலிக்கந்தை தாண்டுவதற்குள்
வேறெதிலாவது எழுதிவை.